மூன்றாம் கியர்

வாரம் முழுக்க மற்றவர்களை வாயைத் திறக்கச் சொல்லும் பல் டாக்டர், ஞாயிற்றுக்கிழமை காலையில் தன் வாயைத் திறந்தால் மூடமாட்டார். கார் கழுவும் கடையின் பின்பக்கம், ஈரச் சிமெண்ட் தரையில் நாலைந்து பேர் கூடுவார்கள். எல்லோருக்கும் வேகக் கார் பைத்தியம். எந்த என்ஜின் தாங்கும், எது வெறும் சத்தம் என்று டாக்டர் தீர்ப்புச் சொல்லிவிட்டால் அப்பீல் கிடையாது. தன் காரில் பெரிய டர்போ மாட்டி, என்ஜின் சக்தியை ஏறக்குறைய இரட்டிப்பாக்கியிருந்தார். கியர்பாக்ஸ் மட்டும் கம்பெனி கொடுத்ததுதான்.

"என்ஜின் தாங்கும் டாக்டர், கியர்பாக்ஸ் தாங்காது," என்றார் இன்சூரன்ஸ் சர்வேயர். விபத்தில் நசுங்கிய கார்களைப் பார்ப்பதே அவர் பிழைப்பு. "என்ஜின் சாகும்போது ஊரைக் கூட்டும். கியர்பாக்ஸ் சொல்லாம கொள்ளாம இறுக்கிப் பிடிச்சுக்கும்."

"சார், இந்தப் பெட்டி உங்களையும் என்னையும் புதைச்சிட்டு ஓடும். எழுதி வச்சுக்குங்க!"

எல்லோரும் சிரித்தார்கள். அதிகம் சிரித்தவர் டாக்டரின் தங்கை புருஷன். மச்சான் சொன்னால் அவருக்கு வேதவாக்கு. அதே கார், அதே டர்போ, அதே கியர்பாக்ஸ் என்று அச்சு அசலாக வாங்கி ஓட்டிக்கொண்டிருந்தார்.

சில வாரங்களாக டாக்டரின் காரில் மூன்றாம் கியர் போட்டதும் ஓர் ஓசை வந்தது. மூடிய கதவுக்குப் பின்னால் யாரோ முனகுவதுபோல மெல்லிய ஓசை. பாட்டுச் சத்தத்தைக் கூட்டிவைத்து ஓட்டினார்.

ஒரு சனிக்கிழமை மதியம் மெக்கானிக் அவருடைய கியர் ஆயிலை வடித்தார். கழற்றிய திருகாணியைத் துணியில் துடைத்தவர், அதன் முனைக் காந்தத்தில் ஒட்டியிருந்ததைக் கிள்ளியெடுத்து நீட்டினார்.

"டாக்டர், உங்க தொழில் என் கைக்கு வந்திடுச்சு. மூணாம் கியரோட பல்லு."

நகக்கண் அளவு இரும்புத் துண்டு. உடைந்த இடம் பளபளத்தது. டாக்டருக்குச் சிரிப்பு வரவில்லை.

"இதோட ஓட்டினா?"

"இது கீழ விழுந்ததால நீங்க இங்க நிக்கிறீங்க. உள்ள ரெண்டு பல்சக்கரத்துக்கு நடுவுல போய் மாட்டியிருந்தா வண்டி அப்படியே பூட்டிக்கும்."

அதே கியர்பாக்ஸை ஓட்டும் மாப்பிள்ளைக்கு உடனே சொல்ல வேண்டும். போனை எடுத்தார். நாளைக் காலை சர்வேயரின் முகம் எப்படி இருக்கும் என்று நினைத்ததும் கை தாழ்ந்தது. திங்கட்கிழமை தனியாகக் கூப்பிட்டுச் சொன்னால் போச்சு என்று தனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தபோது, போன் தானாகவே அடித்தது. தங்கை.

"அண்ணா, மலையிலேர்ந்து இறங்கிட்டிருக்கோம். இவர் பண்ற அலப்பறை தாங்கல. நீயே கேளு, ஸ்பீக்கர்ல போடறேன்."

டாக்டர் கேட்டார். தங்கை குரலுக்குப் பின்னால், மாப்பிள்ளையின் சிரிப்புக்குப் பின்னால், அந்த முனகல்.

"மாப்ள, எந்தக் கியர்ல இருக்கீங்க?"

"மூணாவது, மச்சான். வளைவுல பிச்சுக்கிட்டுப் போகுது!"

"ஓரங்கட்டுங்க. இப்பவே. பெட்டி தாங்காது."

"என்ன மச்சான், சர்வேயர் பக்கத்துல நிக்கிறாரா? நீங்கதானே சொன்னீங்க, நம்மளப் புதைச்சிட்டு ஓடும்னு!"

"தெரியாம சொன்னேன் மாப்ள. சும்மா பந்தாவுக்குச் சொன்னேன். நிறுத்துங்க!"

சிரிப்பு நின்றது. "அண்ணா, என்ன சொல்ற?" என்றாள் தங்கை. அவர் பதில் சொல்வதற்குள் சம்மட்டியால் அடித்ததுபோல ஒரு சத்தம். டயர்கள் அலறின. பிறகு இணைப்பு மட்டும் உயிரோடு இருந்தது, எதிர்முனையில் பேச்சில்லை.

முன்சக்கரங்கள் இரண்டும் பூட்டிக்கொள்ள, ஸ்டீயரிங்கை ஒடித்தும் கார் வளைவில் திரும்பாமல் நேரே போய்ப் பாறையில் மோதியிருந்தது. அடுத்த வளைவில் பாறை கிடையாது, பள்ளம்தான்.

ஆஸ்பத்திரியில் தங்கைக்குத் தோள்பட்டையிலும் விலாவிலும் கட்டுப் போட்டிருந்தார்கள். பேசினால் வலிக்கும் என்று கண்ணை மட்டும் திறந்து படுத்திருந்தாள். நெற்றியில் தையலோடு மாப்பிள்ளை அறை மூலையில் உட்கார்ந்திருந்தார். காலில் விழவும் தயாராகத்தான் டாக்டர் வந்திருந்தார். மாப்பிள்ளை அவர் கையைப் பிடித்து அருகே இழுத்தார்.

"மச்சான், என்ஜினுக்கு ஒரு கீறல்கூட இல்லையாம். என்ஜினைப் பத்தி நீங்க சொன்னது சரிதான். பந்தயக் கார் கியர்பாக்ஸ் ஒண்ணு போட்டுட்டா, டர்போவை இன்னும் கொஞ்சம் ஏத்தலாமில்ல?"

டாக்டருக்கு உடம்பெல்லாம் கூசியது. இருந்தும், 'அப்படின்னா கிளட்சையும் மாத்தணுமே' என்பது நாக்கு நுனிவரைக்கும் வந்து நின்றது. அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள் தங்கை.