பதினான்காவது சுருட்டு

எங்கள் கம்பெனியில் சுருட்டு பிடிக்கிறவர்கள் யாரும் இல்லை. ஆனால் சுருட்டு இல்லாமல் ஒரு கொண்டாட்டமும் நடந்ததில்லை.

நாங்கள் லிஃப்ட் செய்து மாட்டுகிறவர்கள். பெரிய ஆர்டர் ஒன்று கையெழுத்தானால் நான்காவது மாடிக் கூட்ட அறையில் அதிகாரிகள் கூடுவார்கள். முதலாளி ஒரு மரப்பெட்டியைத் திறந்து ஆளுக்கொரு சுருட்டு எடுத்துக் கொடுப்பார். அவருடைய அப்பா அப்படிக் கொடுக்கும் புகைப்படம் ஒன்று அந்த அறைச் சுவரில் இருக்கிறது. அப்பாவின் வாயில் சுருட்டு புகைந்துகொண்டிருக்கிறது. மகன் பெட்டியை மட்டும் எடுத்துக்கொண்டார், நெருப்பை விட்டுவிட்டார்.

பெட்டி ஸ்டோர் கீப்பரான என் பொறுப்பு. முதல் தடவை வாங்கச் சொன்னபோது மூன்று சனிக்கிழமை கடைக்குப் போனேன். கடைக்காரர் சலிக்காமல் பெட்டி பெட்டியாகத் திறந்து காட்டினார். விரலிடுக்கில் வைத்து லேசாக அமுக்கினால் உள்ளே போய்த் திரும்பி வர வேண்டும். காதருகே உருட்டினால் சத்தம் வரக் கூடாது. பத்துப் பேருக்குக் கொடுப்பதென்றால் காரமான இலை ஆகாது, பழக்கமில்லாதவனுக்குத் தலை சுற்றும். நீளமும் கூடாது, பேச்சு முடிந்தபின் சுருட்டு மட்டும் மிஞ்சி நிற்கும். எல்லாம் ஒரே நிறத்தில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் எவனாவது பக்கத்து ஆளின் கையைப் பார்ப்பான். இதையெல்லாம் மனதில் போட்டுக்கொண்டு, முதலாளியையும் சேர்த்து ஆளுக்கொன்றாகப் பதிமூன்று தேர்ந்தெடுத்தேன். பெண் பார்ப்பதற்குக்கூட நான் அவ்வளவு நாள் எடுத்துக்கொள்ளவில்லை.

விழா முடிந்து அறையைப் பூட்டப் போனபோது பூந்தொட்டியில் இரண்டு சுருட்டுகள் நட்டு வைக்கப்பட்டிருந்தன. குப்பைக்கூடையில் மூன்று. விற்பனை மேலாளர் தன்னுடையதை வைத்து மேஜையில் தாளம் தட்டிவிட்டு அப்படியே போட்டுவிட்டுப் போயிருந்தார். கணக்குப் பிரிவுத் தலைவர் தச்சர் பென்சில் மாதிரிக் காதில் செருகிப் போட்டோ எடுத்துக்கொண்டார். ஒருவர் ஸ்பூன் கிடைக்காமல் டீயைக் கலக்கியிருந்தார். பதிமூன்றும் கிடைத்தன. ஒன்றின் நுனிகூடக் கருகவில்லை.

துடைத்தேன், காயவைத்தேன், பெட்டியில் அடுக்கினேன். அடுத்த விழாவுக்கு அதையே வைத்தேன். "இந்தத் தடவை ரொம்ப நல்ல சரக்கு" என்றார் பொது மேலாளர், மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து. டீயில் முங்கியது அது. அன்றைக்கு எனக்கு உண்டான மகிழ்ச்சியைச் சொன்னால் என்னைப் பற்றி நல்ல அபிப்பிராயம் வராது. அதன்பின் புதிதாக வாங்கவே இல்லை, பில்லும் போடவில்லை. ஆறு விழாக்கள். அதே பதிமூன்று. சுருட்டு உலராமலிருக்கப் பெட்டிக்குள் ஈரப்பஞ்சு வைப்பதையும் மூன்றாவது விழாவோடு நிறுத்திவிட்டேன். பிணத்துக்கு எதற்குத் தண்ணீர்?

இப்படி இருக்கும்போதுதான் கிணறு ஓய்வு பெறும் நாள் வந்தது.

அவருக்கு வேறு பெயர் இருந்தது. முப்பத்திரண்டு வருடம் லிஃப்ட் ஓடும் கிணற்றுக்குள்ளேயே தொங்கிக்கொண்டு வேலை பார்த்ததால் கிணறு என்றால்தான் தெரியும். முழங்கால் இரண்டும் போய்விட்டன. அவருடைய பிரிவுபசாரத்தை நான்காவது மாடியில், சுருட்டோடு நடத்துவதாக முதலாளி அறிவித்தார். தொழிலாளி ஒருவருக்கு அப்படி நடப்பது அதுதான் முதல் தடவை.

முந்தின நாள் காலையில் அவர் ஸ்டோருக்கு வந்து, கவுன்டரில் கையூன்றி நின்றார்.

"ஸ்டோரு, நாளைக்கு எனக்குக் குடுக்கறதை மட்டும் நல்லதாப் பாத்து வைய்யி."

"ஏன், மாலை போட்டு வீட்ல மாட்டப் போறியா?"

"நக்கலா? நான் கொளுத்தப் போறேன்யா. நான் மாட்டின லிஃப்டுக்கெல்லாம் இவங்க உள்ள உக்காந்து சுருட்டு குடுத்துக்கிட்டாங்க. நான் கீழ கிரீஸ் துடைச்சிக்கிட்டு நிப்பேன். அது எப்படித்தான் இருக்கும்னு ஒரே ஒரு தடவை பாத்துடணும்."

"உன் சம்சாரம் சும்மா விடுவாளா?"

"கேட்டுட்டேன். ஒண்ணே ஒண்ணுன்னா சரின்னுட்டா. அதனாலதான் சொல்றேன், அந்த ஒண்ணு சொத்தையா இருக்கக் கூடாது."

மதியமே கடைக்குப் போனேன். ஒரே ஒரு சுருட்டுக்காக ஒரு மணி நேரம் நின்றேன். இலை எண்ணெய் பூசினாற்போல் மினுங்கியது. அமுக்கினால் உயிருள்ள விரல்போல் மீண்டது. பழைய பதிமூன்றில் இருந்த அதே நிறம், அதே நீளம். யாருக்கும் வித்தியாசம் தெரியாது.

பெட்டியில் அதை வலது ஓரத்தில் வைத்தேன். முதலாளி எப்போதும் இடது ஓரத்திலிருந்து எடுப்பார். பதவி வரிசையில் கொடுப்பார். கிணற்றைக் கடைசியாகத்தான் கூப்பிடுவார்கள். அவருக்கான விழாவே ஆனாலும் அதுதான் நடக்கும். இந்த மனிதர்களை எனக்கு நன்றாகத் தெரியும்.

மறுநாள் மூன்று மணிக்குக் கூட்டம். கிணறு வெளுத்த சட்டையில் சுவரோரம் நின்றார். முதலாளி பெட்டியைத் திறந்தார். பொது மேலாளர் வழக்கம்போல ஓரடி முன்னால் வந்து கையை நீட்டினார்.

"இருங்க," என்றார் முதலாளி. "இன்னைக்கு அவர்தான் முதல்ல. வாங்க."

இடது ஓரத்துச் சுருட்டை எடுத்துக் கிணற்றின் கையில் வைத்தார். எல்லாரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன் என்று நினைக்கிறேன். அடுத்தடுத்து எடுத்தார். மற்ற எல்லாரும் வாங்கியபின் வலது ஓரத்தில் மிஞ்சிய ஒன்றை, முகம் சுண்டிப் பின்னால் போய் நின்றிருந்த பொது மேலாளர் தானே எடுத்துச் சட்டைப் பையில் பேனாக்களுக்கு நடுவே செருகிக்கொண்டார்.

கிணறு தீக்குச்சி உரசினார். ஆறு விழா கண்ட அந்தச் சுருட்டு காகிதம்போலப் பற்றி எரிந்தது. இலை சடசடவென்று வெடித்துப் பிரிந்தது. ஒரு இழுப்பு. இருமினார். கண்ணில் நீர் வந்தது. இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தார். அவர் முகத்தில் ஒன்று அணைவதைப் பார்த்தேன்.

"எப்படிப்பா இருக்கு?" என்றார் முதலாளி.

"நல்லாத்தான் இருக்கு முதலாளி," என்றார் அவர், மரியாதைக்கு. அதை அணைத்துவிட்டு வெளியே போனார்.

இவ்வளவுதானா என்று எண்ணிக்கொண்டே அவர் வீட்டுக்குப் போவார். இன்னொன்று கிடையாது.

நான் பொது மேலாளரிடம் போனேன். "சார், உங்க பையில இருக்கிறது அவருக்கு வாங்கினது. குடுத்துடுங்க."

"எல்லாம் ஒண்ணுதானய்யா?"

"இல்ல சார். மத்ததெல்லாம் பழசு. ஆறு விழாவா இதுதான் சுத்திக்கிட்டிருக்கு."

முதலாளி தன் கையிலிருந்ததைத் திருப்பிப் பார்த்தார். "அப்ப போன தடவை நான் பிடிச்சது?"

"நீங்க பிடிக்கலை முதலாளி. தொட்டியில நட்டு வச்சீங்க."

கணக்குப் பிரிவுத் தலைவர் காதிலிருந்ததை மெதுவாக எடுத்துக் கீழே வைத்தார். முதலாளி பெட்டியை மூடினார். பிறகு, "நாளைக்குக் காலையில என்னை வந்து பாரு," என்றார்.

பொது மேலாளர் பையிலிருந்து எடுத்ததை இரண்டு விரலால் பிடித்து நீட்டினார். பேனாவின் கிளிப் இலையை ஓரிடத்தில் கிழித்திருந்தது.

மாடிப்படியில் கிணறு காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து கொடுத்தேன். விவரத்தைச் சொன்னேன். கிழிசலை எச்சில் தொட்டு ஒட்டி, கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

"ஏன்யா, நேத்தே என் கையில குடுத்திருக்கலாமே? எதுக்குப் பெட்டில போட்டே?"

பதில் எனக்குத் தெரியும். பதிமூன்று பேர் கையிலும் செத்தது இருக்க, இவர் கையில் மட்டும் நல்லது இருப்பதை நான் மூலையில் நின்று பார்க்க வேண்டும். அதற்காக. இவருடைய ஒரே சுருட்டை என் வேடிக்கைக்குப் பணயம் வைத்திருக்கிறேன். முதலாளி வாழ்நாளில் ஒருமுறை முறையாக நடந்துகொண்டார். அதை நான் கணக்கில் வைத்திருக்கவில்லை.

"தோணலை," என்றேன்.

அவர் பற்றவைத்தார். காற்று கிழிசல் வழியே ஒருபக்கமாக இழுத்தது. மெதுவாகப் புகை விட்டார். நான் அவர் முகத்தையே பார்த்தேன்.

"எப்படி இருக்கு?"

"அதை விட இது தேவலை. ஆனா இப்படித்தான் இருக்கணுமா, கிழிஞ்சதால இப்படியா, எனக்கு எப்படித் தெரியும்? நீ இழுத்துப் பாத்துச் சொல்லு."

சுருட்டை என் பக்கம் நீட்டினார். நான் வாங்கவில்லை.

"என்னய்யா?"

"நான் பிடிச்சதே இல்ல."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஒண்ணுகூடவா?"

"ஒண்ணுகூட."

"சரியாப் போச்சு," என்றார். கையை இழுத்துக்கொண்டு, கிழிசலை அமுக்கிப் பிடித்தபடி, கடைசிவரை தானே பிடித்து முடித்தார்.