சமாதான காலத்துச் சாவு

போர்வீரர் சங்கத்தின் வாசலில் டெல்மர் ஸ்ட்ரூப்பை நிறுத்தி யாரும் விரட்டியதில்லை. எரிச்சலே அதில்தான். வெள்ளிக்கிழமை மீன் பொரித்துப் போடும்போது காசு கொடுத்துச் சாப்பிடலாம், பியர் குடிக்கலாம், கூரை ஒழுகினால் ஏணியைத் தூக்கிக்கொண்டு வரலாம். உறுப்பினர் ஆக மட்டும் முடியாது. போர் நடந்த வருஷங்களில் காக்கி போட்டிருந்தால்தான் போர்வீரன் என்பது சங்கத்துச் சட்டம். டெல்மரைக் கட்டாயமாகப் பட்டாளத்தில் சேர்த்து ஜெர்மனியில் கொண்டு இறக்கிய நேரம், பாழாய்ப்போன உலகம் சும்மா இருந்து தொலைத்தது. கொரியா முடிந்திருந்தது. வியட்நாம் இன்னும் ஆரம்பிக்கவில்லை.

சங்கத் தலைவர் ரஸ்ஸல் பிக்கெட் வியட்நாம் காலத்து ஆள். வியட்நாம் கொசுகூட அவரைக் கடித்ததில்லை என்பது வேறு விஷயம். போர் முடியும்வரை அமெரிக்காவிலேயே, கான்சாஸில் ஒரு முகாமில் போர்வையும் தலையணையும் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஆனால் தேதி சரியாக இருந்ததே, அதனால் அவர் போர்வீரர். மே மாதக் கடைசியில் நினைவுநாள் வந்தால், பதக்கத்தைக் குத்திக்கொண்டு பூங்காவில் மைக் முன்னால் நிற்பார். போரில் செத்த ஊர்ப் பையன்களின் பெயர்களை ஒவ்வொன்றாகப் படிப்பார். ஒவ்வொரு பெயருக்கும் தீயணைப்பு நிலையத்துப் பழைய மணியை ஒரு தரம் அடிப்பார்கள். பிறகு ஏழு பேர் துப்பாக்கியைத் தூக்கி மூன்று முறை வெற்று வேட்டு வெடிப்பார்கள்.

அந்தப் பெயர்களில் வெண்டல் க்ரைடர் பெயர் ஒரு வருஷமும் வந்ததில்லை.

வெண்டலும் டெல்மரும் ஒரே தெரு. ஒரே பஸ்ஸில் ஏறிப் போய் ஒரே பீரங்கி டாங்கியில் வேலை பார்த்தார்கள். அங்கே பார்த்த வேலையைச் சொன்னால் சிரிப்பு வரும். பாதையோரக் கல்லுக்கெல்லாம் வெள்ளையடித்தார்கள். மழையில் அது கறுத்ததும் மறுபடி அடித்தார்கள். ரஷ்யாக்காரன் வருகிறான் என்று மாதம் ஒரு தரம் அடித்து எழுப்பி டாங்கியில் ஏற்றுவார்கள். அவன் வரமாட்டான். திரும்பி வந்து டாங்கியைக் கழுவுவார்கள். முகாம் வாசலில் அவர்கள் துணியை வெளுத்துக் கொடுத்த ஜெர்மன் அம்மாள் தன் மகனை ரஷ்யப் பனியில் பறிகொடுத்தவள். உங்களுக்கென்னப்பா, சண்டையில்லாத பட்டாளம், கொடுத்துவைத்தவர்கள் என்று அடிக்கடி சொல்வாள்.

நன்றாகத்தான் கொடுத்துவைத்தார்கள். மார்ச் மாதம் ஒரு பயிற்சிக் காட்டில் கிடந்தார்கள். காலையில் ஜெனரல் பார்வையிட வருகிறார், மைதானம் துடைத்துவைத்த மாதிரி இருக்க வேண்டும், ஒரு கூடாரம் கண்ணில் படக்கூடாது என்று லெப்டினன்ட் உத்தரவு போட்டுவிட்டார். மழையோ விட்டபாடில்லை. டாங்கிக்கு அடியில் மட்டும் படுக்காதே என்பது டாங்கிக்காரனுக்கு முதல் நாள் சொல்லிக்கொடுக்கிற பாடம். ஈர மண்ணில் அது சத்தமில்லாமல் அமுங்கும். எஞ்சின் மூடி சூடாக இருக்கும் என்பதால் அதன்மேல் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு படுப்பார்கள். டெல்மரும் மற்ற இரண்டு பேரும் படுத்ததில் அங்கே இடம் அடைத்துக்கொண்டது. வெண்டல் காவல் முடிந்து கடைசியாக வந்தான். நிலம் இன்னும் கல்லாக உறைந்துதானே கிடக்கிறது என்று நினைத்து அடியில் புகுந்துகொண்டான். எஞ்சின் சூடும் மழையும் சேர்ந்து மண்ணை இளக்கிவிட்டன. விடிந்தபோது டாங்கி ஒரு சாண் இறங்கியிருந்தது.

ஜெனரல் வரவே இல்லை.

பயிற்சி விபத்து என்றது ராணுவம். சமாதான காலத்துச் சாவு, எங்கள் கணக்கில் வராது என்றது சங்கம். வெண்டலின் அக்கா ஆர்லீன் மட்டும் ஒவ்வொரு நினைவுநாளுக்கும் வந்து முதல் வரிசையில் உட்கார்ந்துவிட்டு, வாய் திறக்காமல் எழுந்து போவாள். இப்போது அவளுக்கு எண்பது தாண்டிவிட்டது. அவள் சாவதற்குள் ஒரே ஒரு தரமாவது அந்தப் பெயரை மைக்கில் படித்துவிட வேண்டும் என்பதுதான் டெல்மருக்கு இருந்த ஒரே ஆசை.

சங்கமும் கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாகிவிட்டது. ஒருத்தருக்கு முட்டி, ஒருத்தருக்கு இதயம், மிச்சப்பேர் மண்ணுக்குள். இந்த வருஷம் ரஸ்ஸலே டெல்மர் வீட்டுக் கதவைத் தட்டினார்.

“ஏழு துப்பாக்கி இருக்கு பெருசு, ஆறு ஆள்தான் தேறுது. நீங்க வந்து நின்னா போதும்.”

“சண்டை பாக்காதவன் தொட்டா துப்பாக்கிக்குத் தீட்டாயிடாதா?”

ரஸ்ஸல் பல்லைக் காட்டினார். காரியம் ஆக வேண்டுமே.

“வெண்டல் பேரைப் படி. வர்றேன்” என்றார் டெல்மர்.

பூங்காவில் இருக்கும் நினைவுக் கல்லில் பெயரை வெட்டுவதற்குத்தான் கமிட்டி ஒப்புக்கொள்ளாது, படிப்பதற்கென்ன, படித்துவிடுகிறேன் என்று ரஸ்ஸல் கையடித்துக் கொடுத்தார்.

டெல்மர் அன்றைக்கே ஆர்லீனிடம் போய்ச் சொன்னார். நினைவுநாளன்று முடியைச் சுருட்டிவிட்டுக்கொண்டு, தேவாலயத்துக்குப் போடும் நீலக் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தாள். ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் காதுமெஷின் கீச்சென்று கத்தும் என்பதால், எப்போதும்போல அதைக் கழற்றிக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

ரஸ்ஸல் படித்தார். இரண்டு உலகப்போர், கொரியா, வியட்நாம். ஒவ்வொன்றுக்கும் மணி. கடைசியில் ஈராக்கில் செத்த பையன். அவனுக்கும் மணி. அப்புறம் காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். டெல்மர் பக்கம் திரும்பவே இல்லை.

பாவி, தண்ணி காட்டிவிட்டான். துப்பாக்கியைக் கீழே எறிந்துவிட்டு நடையைக் கட்ட வேண்டும் என்று டெல்மருக்குத் தோன்றியது. அதற்குள் ஆணை வந்தது. வந்ததும் கை தூக்கியது, சுட்டது. மறுபடி ஆணை, மறுபடி சுட்டது. கல்லுக்கு வெள்ளையடித்த அதே கைதானே, வேறென்ன செய்யும்?

கூட்டம் கலைந்ததும் ஆர்லீன் காதுமெஷினை மாட்டிக்கொண்டு, தடியை ஊன்றி நேராக அவரிடம் வந்தாள்.

“எத்தனாவதா படிச்சாங்க தம்பி? மணிச்சத்தம் மட்டும் லேசா கேட்டுச்சு. எது அவனுதுன்னு தெரியல.”

அவள் முகத்தைப் பார்த்தார் டெல்மர். பார்த்திருக்கக் கூடாது.

“கடைசி மணி, அக்கா. அது அவனுது.”

“நானும் அதான் நெனச்சேன். அதை மட்டும் கொஞ்சம் நிதானமா அடிச்சாங்க.”

அவர் தடுக்குமுன் அவள் ரஸ்ஸலிடம் போய்விட்டாள். இரண்டு கையாலும் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, என் தம்பியைச் சேர்த்துக்கொண்டீர்களே, நீங்கள் நன்றாக இருக்க வேண்டும் என்றாள். ரஸ்ஸல் ஒரு நிமிஷம் முழித்தார். டெல்மரைப் பார்த்தார். விஷயம் புரிந்ததும் கூச்சநாச்சமில்லாமல் நெஞ்சில் கைவைத்து, அது எங்கள் கடமையம்மா என்றார்.

“வியாழக்கிழமை ஒரு அடக்கம் இருக்கு பெருசு, அங்கேயும் வேட்டு வெடிக்கணும்” என்றார் பிறகு. “வருவீங்கல்ல?”

“வருவான்” என்றாள் ஆர்லீன். “இவ்வளவு செஞ்சிருக்கீங்க, வராம இருப்பானா?”

டெல்மர் துப்பாக்கியைத் துடைக்க எடுத்துக்கொண்டு போனார்.