ஒன்பதாம் வாரத்து நூல்

பட்டீஸ்வரன் நூலை அழித்த மறுநாள் காலை ராக்கெட் கீழே விழுந்து கிடந்தது.

சிங்காநல்லூரில் ஹேமாவதி மேடம் நடத்தும் கம்பெனியில் பழைய படங்களைச் சுத்தம் பண்ணுவது அவன் வேலை. கீறல், புள்ளி, பூஞ்சைக் கறை எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஒவ்வொரு ஃபிரேமாக எடுத்துவிட்டு, ஜனங்கள் வீட்டில் உட்கார்ந்து பார்க்கும்படி டிஸ்க் போட்டு விற்பார்கள். அப்போது கையில் இருந்தது ‘மேகலோகத்தில் பதின்மூன்று வாரம்’. அந்தக் காலத்தில் வாரம் ஒரு பாகமாகக் கொட்டகையில் ஓடிய விண்வெளிப் படம். முதல் எட்டு வாரமும் வானம் நல்ல கருப்பு. ஒரு வம்பும் இல்லை. ஒன்பதாம் வாரத்தில் ராக்கெட் வெள்ளை மேகத்துக்குள் நுழைந்தது. அங்கேதான் அதன் முதுகில் கட்டியிருந்த நூல் பளிச்சென்று தெரிந்தது.

கீறல் என்றால் நின்ற இடத்திலேயே நிற்கும். இது ராக்கெட் போகிற பக்கமெல்லாம் கூடவே போயிற்று. நூல்தான் என்று அவனுக்குச் சந்தேகமறத் தெரியும். தெரிந்தேதான் அழித்தான். மேடம் நாலு பேரைக் கூப்பிட்டுக் காட்டுவார், தன் பேரைச் சொல்வார் என்று மனசுக்குள் ஒரு நப்பாசை. அவரும் காட்டினார், பேரையும் சொன்னார். இவனும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றான்.

விடிந்து வந்து பார்த்தால் படத்தில் ராக்கெட் மூக்கு மண்ணில் குத்தி நிற்கிறது. பத்தாம் வாரத்திலிருந்து கடைசி வாரம் வரை வெறும் பொட்டல். ராக்கெட்டுக்குள் இருந்த ஐந்து பேரும் படத்தை விட்டு வெளியே வந்து கம்பெனி வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். கருப்பு வெள்ளை ஆட்கள். அவர்கள் கைக்குப் போனால் டீயும் சாம்பல் நிறமாகிவிடும், மற்றபடி ஒரு தொந்தரவும் கிடையாது. பட்டீஸ்வரன் அவசர அவசரமாக நூலை எடுத்துப் பழைய இடத்திலேயே வைத்துப் பார்த்தான். நூல் மட்டும் மேலிருந்து தொங்கியது.

ராக்கெட்டை ஓட்டியவர் விமானி குணபூஷணன். சுருட்டை முடி, அரும்பு மீசை, மடியில் கண்ணாடித் தொப்பி. இவனைக் கண்டதும் எழுந்து கைகூப்பினார்.

“தவறு முழுக்க என்னுடையது. ஒரு கணம் கண்ணயர்ந்துவிட்டேன் போலும்.”

பட்டீஸ்வரன் என்ன சொல்லியிருக்க வேண்டும்? “இல்லீங்க” என்று ஒரு வார்த்தை போதும். அவனோ, “ஆகறதுதானுங்க, விடுங்க” என்றான். சொன்ன வாயை எங்கே கொண்டுபோய்க் கழுவுவது! விமானி அன்று முழுக்கப் பெஞ்சில் இருந்த நாலு பேரிடமும் தனித்தனியாக மன்னிப்புக் கேட்டார். கையில் கட்டுப் போட்டிருந்த விஞ்ஞானியிடம் இரண்டு தடவை கேட்டார்.

மூன்றாம் நாள் டிஸ்க் அட்டையில் அச்சிட ஒரு கடிதம் எழுதிக்கொண்டு வந்தார். ‘எனது கவனக்குறைவால் மீதி நான்கு வாரங்களை நேயர்கள் காண இயலாமற் போனதற்கு…’ என்று போயிற்று அது. அதை டைப் அடித்துத் தரச் சொல்லி இவனிடமே கொடுத்தார். இவனும் அடித்தான். அழகாக இருக்கட்டும் என்று ஓரத்தில் கட்டம் வேறு போட்டுக் கொடுத்தான். மேடம் படித்துவிட்டு, “பாவம், எவ்வளவு பெருந்தன்மை பாருங்க!” என்றார். பட்டீஸ்வரன் அன்று மத்தியானம் சோற்று டப்பாவைத் திறந்தான். தொடாமலே மூடி வைத்துவிட்டான்.

சொல்லிவிடலாம்தான். வேலை போய்விடுமே என்ற பயம் முதல் இரண்டு நாளோடு சரி. அதைவிடப் பெரிய சங்கடம் ஒன்று இருந்தது. நூலை அழித்தேன் என்று சொன்னால், நூல் இருந்தது என்று சொல்ல வேண்டும். அதை எந்த முகத்தோடு அந்த மனுஷனிடம் சொல்வது?

ஐந்தாம் நாள் விமானி இவன் மேஜைக்கே வந்தார். சட்டையில் குத்தியிருந்த சிறகுச் சின்னத்தைக் கழற்றிக் கம்ப்யூட்டர் பக்கத்தில் வைத்தார்.

“கீறல்களை நீக்குவதில் தாங்கள் கைதேர்ந்தவர் என்று அம்மையார் சொன்னார். முதல் வாரத்திலிருந்து என்னையும் நீக்கிவிடுங்கள். ஒரு ஃபிரேம்கூட விட வேண்டாம்.”

பட்டீஸ்வரன் சின்னத்தை அவர் பக்கமே நகர்த்தினான்.

“அதைய மட்டும் சொல்லாதீங்க” என்றான். “நீங்க தூங்கவே இல்லீங்க. நான்தானுங்க நூலை அழிச்சுப்போட்டேன்.”

“எந்த நூல்?”

“ராக்கெட்டு தொங்கின நூலுங்க.”

விமானி நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். வராந்தாவில் யாரோ டீ உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

“ஒன்பதாம் வாரத்தில் மட்டும்தானே?”

“மொதல் வாரத்துல இருந்தேங்க.”

“எரிகல் மழையில் நான் இடப்பக்கம் ஒடித்துத் திருப்பினேனே.”

“அது மேல சட்டத்துல ஏறி நின்ன ஆளு இழுத்ததுங்க.”

“என் கைப்பிடி?”

பட்டீஸ்வரன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். “அதுக்குப் பின்னால ஒண்ணுமில்லீங்க. பலகையில ஆணி வெச்சு அடிச்சிருக்காங்க.”

பூமி பிளந்து தன்னை விழுங்கிவிடாதா என்று இருந்தது அவனுக்கு. செய்யாத தப்பைச் சுமந்தவரிடமிருந்து அதை இறக்கி வைக்கப் போய், அவர் செய்த ஒரே காரியத்தையும் பிடுங்கிக்கொண்டாயிற்று. விமானி தன் உள்ளங்கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம் எழுந்து ஜன்னல் பக்கம் போனார். எதிர்வரிசையில் ஒரு டிரைவிங் ஸ்கூல் இருந்தது.

“அது காலை எத்தனை மணிக்குத் திறக்கும்?” என்று கேட்டார்.

ஆறரைக்குத் திறந்தது. விமானி ஆறு மணிக்கே போய் நின்றார். மேடமிடம் பட்டீஸ்வரன் உள்ளதை உள்ளபடி சொன்னான். அவர் ஒரு வாரம் இவனோடு பேசவில்லை, வெளியீட்டை ஒரு மாசம் தள்ளிப் போட்டார், கட்டம் போட்ட கடிதத்தைக் கிழித்துப் போட்டார். விமானி தினமும் கிளட்சை விட்டு வண்டியை நிறுத்தினார், மாஸ்டரிடம் திட்டு வாங்கினார், நாக்கைக் கடித்துக்கொண்டு மறுபடி கிளப்பினார். எல்.எல்.ஆர். கைக்கு வந்த அன்றைக்கே மற்ற நாலு பேரையும் கூட்டிக்கொண்டு படத்துக்குள் போய்விட்டார்.

டிஸ்க் வெளிவந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பட்டீஸ்வரன் மனைவி அமிர்தவல்லியோடு உட்கார்ந்து ஒன்பதாம் வாரத்தைப் போட்டான். அவள்தான் ரிமோட்டை அமுக்கினாள்.

ராக்கெட் வாலில் சிவப்பு எழுத்தில் எல் போர்டு மாட்டியிருந்தது. அந்தப் படத்திலேயே நிறம் அது ஒன்றுதான். முதுகில் நூல் இல்லை. ஒரு குலுக்கு குலுக்கிக்கொண்டு கிளம்பி, முதல் கியரிலேயே மேகத்துக்குள் நுழைந்தது. எரிகல் வந்தபோது ஓரம் கட்டி வழி விட்டது. மேகலோகத்தில் இறங்குகிறபோதுதான் அரண்மனைக் காம்பவுண்டுச் சுவரில் இடித்தது. பத்தடிச் சுவர் பொலபொலவென்று சரிந்தது.

விமானி குணபூஷணன் இறங்கி வந்தார். சுவரைப் பார்த்தார், சப்பையான ராக்கெட் மூக்கைத் தடவிப் பார்த்தார். தொப்பியைக் கழற்றிக்கொண்டு அரசர் முன்னால் நெஞ்சை நிமிர்த்தி நின்றார்.

“மன்னா, இடித்தது நான்தான்.”

அதைச் சொல்கையில் அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்க்க முடியாமல் பட்டீஸ்வரன் துண்டால் மூஞ்சியை மூடிக்கொண்டான்.

அரசர் லைசென்ஸ் கேட்டார். எல்.எல்.ஆரை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

“இது பழகுகிறவருக்கானதாயிற்றே. பக்கத்தில் லைசென்ஸ் உள்ள ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டுமே, எங்கே அவர்?”

விஞ்ஞானி டிவிக்கு வெளியே திரும்பிப் பார்த்தார். அப்புறம் அரசர், காவலாளிகள், எல்லோரும் பட்டீஸ்வரனைப் பார்த்தார்கள்.

பட்டீஸ்வரன் எழுந்து லுங்கியை மாற்றிப் பேண்ட் போட்டுக்கொண்டான். பீரோவில் இருந்த லைசென்ஸை எடுத்துச் சட்டைப் பையில் வைத்தான்.

“இன்னும் நாலு வாரம் இருக்குதுங்களே, மாத்துத் துணி வேண்டாமா?” என்றாள் அமிர்தவல்லி. இரண்டு சட்டையை மடித்து ஒரு பையில் போட்டுக் கொடுத்தாள்.