ஜெசிந்தா மூடிய பாட்டில்கள்

காம்போடு சேர்த்துத் திருகி அவள் பறிக்கிற ஒவ்வொரு பிளம்ஸையும் நான் ஏணிக்குக் கீழே நின்று பார்த்துக்கொண்டேயிருக்கிறேன், தோலின் மேல் விரல் பட்டால் அழிகிற அந்தச் சாம்பல் பூச்சு அப்படியே இருக்கிறதா, இல்லை வேண்டுமென்றே அமுக்கிக் கன்ற வைக்கிறாளா, என்னக்கா அப்பிடிப் பாக்குறீங்க, ஏணி ஆடுதா என்கிறாள் ஜெசிந்தா, ஒண்ணுமில்ல, நீ பறி என்கிறேன், அது போன மே மாதமா, அதற்கு முந்தின மே மாதமா, எல்லா மே மாதமும் இப்போது ஒரே வெயிலாகத்தான் தெரிகிறது, கொடைக்கானலில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் பதினோரு மரங்கள், பழுத்தால் எல்லாம் ஒன்றாகப் பழுத்துத் தொலைக்கும், சர்க்கரைப் பாகில் போட்டுக் கண்ணாடிப் பாட்டிலில் அடைத்து டிசம்பர் வரைக்கும் காப்பாற்ற வேண்டும், வெண்ணெய் போட்டுப் பிசைந்த மாவுக்குள் அந்தப் பழத்தை நிரப்பி நான் சுடுகிற கிறிஸ்துமஸ் பை என்கிற பலகாரத்துக்கு இந்த ஊரில் ஒரு பெயர் உண்டு, என் பெயர், அதைக் கொழுந்தன் கட்டிக்கொண்டு வந்த இந்த வத்தலக்குண்டுக்காரி மூன்றே வருடத்தில் கற்றுக்கொண்டாள், கற்றுக்கொண்டதுதான் எனக்குப் பிடிக்கவில்லை, மறைப்பானேன்.

கான்வென்ட் சிஸ்டர் ஒருநாள் வாசலில் நின்று, இந்தத் தடவை சின்னவ சுட்டதா, ரொம்ப நல்லா வந்திருக்கே என்று சொல்லிவிட்டுப் போனார், அன்றிலிருந்து எனக்கு ஒரே யோசனை, இவள் எதற்கு இவ்வளவு சிரிக்கிறாள், எதற்கு என்னை வாய்க்கு வாய் அக்கா என்கிறாள், நாளைக்கே ஏரிக்கரையில் தனியாகக் கடை போட்டுவிடுவாளோ, அடுப்பில் அண்டா கொதிக்கிறது, பாட்டில்களை வேகவைத்துத் துணியில் எடுத்து மேசை மேல் வரிசையாக வைக்கிறோம், ஆற ஆற மூடியின் நடுப்பகுதி டிக்கென்று உள்ளே அமுங்கும், காற்றுப் போய்விட்டது, இனி பழம் கெடாது என்று அர்த்தம், ஒவ்வொரு டிக்குக்கும் அவள் கைதட்டிச் சிரிக்கிறாள், நடிப்பு என்று நினைத்துக்கொள்கிறேன்.

சாயங்காலம் முக்காடு போட்டுக்கொண்டு ஜெபமாலைக்குக் கோயிலுக்குப் போவாள், அவள் தலை மறைந்ததும் ராத்திரி ரொட்டிக்கு மாவு பிசைந்த கையோடேயே நான் ஸ்டோர் ரூமுக்குள் நுழைவேன், இடது தட்டில் அவள் மூடியவை, வலது தட்டில் நான் மூடியவை, என்னுடையதைத் தொடக்கூட மாட்டேன், என் கை மேல் எனக்கு எப்போது சந்தேகம் வந்தது, அவளுடையதை ஒவ்வொன்றாக எடுத்துப் பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கமாக ஒரு திருகு, சரியாக மூடியிருக்க மாட்டாள், எங்கள் அம்மா வீட்டில் ஊறுகாய் பாட்டிலைப் போகிறவர் வருகிறவரெல்லாம் இப்படித்தான் ஒரு திருகு திருகுவார்கள், அப்படியும் பதினைந்தே நாளில் இடது தட்டில் நுரை கட்டியது, மூடி புடைத்தது, கள்ளு நாற்றம், வலது தட்டில் ஒன்றுகூடக் கெடவில்லை, கடைசி இரண்டு வருடமும் இதே கூத்து. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும், எம் பேரக் கெடுக்கணும்னே செய்யுறியாடி என்று கொழுந்தன் முன்னாலேயே கேட்டுவிட்டேன், அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, என் கையைத்தான் பார்த்தாள், போதும் அண்ணி என்றார் கொழுந்தன், ஜூன் மாத முதல் மழையில் பெட்டியோடு இறங்கிப் போனார்கள், போனால் போகட்டும் என்றுதான் சொன்னேன், பிறகு ஒருநாள் காலையில் இரண்டு டம்ளரில் காப்பி ஊற்றிவிட்டு அடுப்பங்கரையில் நின்று அழுதேன், அவள் இல்லாத வீடு எனக்கு வேண்டியிருக்கவில்லை.

இன்றைக்கு மத்தியானம் கிறிஸ்துமஸ் பைக்குப் பழம் எடுக்கப் போனேன், மைதா மூட்டைக்குப் பின்னால் ஐந்து பாட்டில்கள், ஜெசிந்தா கையெழுத்து, மே பத்தொன்பது, எதற்கு ஒளித்து வைத்தாள், அப்போதும் புத்தி அங்கேதான் போகிறது பாருங்கள், வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் பாகு தெளிந்திருக்கிறது, பழம் செக்கச்செவேலென்று முழுசாக நிற்கிறது, மே பத்தொன்பது, அன்றைக்கு அவளுக்குக் காய்ச்சல், கோயிலுக்குப் போகவில்லை, ஸ்டோர் ரூம் வாசலிலேயே பாய் போட்டுப் படுத்திருந்தாள், என்னால் உள்ளே நுழைய முடியவில்லை, நினைத்துக்கொண்டிருக்கும்போதே கை பழக்கத்தில் மூடியைத் திருகிவிட்டது, டிக்கென்று, அப்போதெல்லாம் அவசரத்தில் நான் கவனிக்காத சத்தம், நடுப்பகுதி என் கட்டைவிரலை மேலே தள்ளியது, ஐயோ மாதாவே, ஆறின மூடியைத் திருகினால் உள்ளே ஒட்டியிருக்கிற ரப்பர் விலகிக் காற்றுப் புகுந்துவிடும், அவ்வளவுதான், இரண்டு வருடமாக அத்தனையையும் நானேதான் கெடுத்திருக்கிறேன்.

வத்தலக்குண்டுக்குப் போன் போட்டேன், நல்லா இருக்கீங்களாக்கா என்றாள், ஒன்றுமே நடக்காதது மாதிரி, ஜெசி, ஒம் பாட்டில நாந்தான் கெடுத்தேன்டி, தெனம் நீ கோயிலுக்குப் போனப்புறம் திருகி வச்சேன் என்றேன், தெரியும்க்கா, மூடியிலெல்லாம் ஒங்க மாவுக் கைத் தடம் இருந்துச்சு, அதான் கடைசியா அஞ்ச மட்டும் ஒங்களுக்குன்னு எடுத்து வச்சேன் என்றாள், தெரிஞ்சும் ஏண்டி வாயத் தொறக்கல, ஒம் புருசன் முன்னாடியே அத்தன பேச்சு பேசுனேனே என்றேன், சொல்லியிருந்தா நம்பியிருப்பீங்களாக்கா என்றாள். பொய் சொல்ல வாய் வந்தது, சொல்லவில்லை. நம்பியிருக்க மாட்டேன்டி, இன்னொரு திருகு சேத்துத் திருகியிருப்பேன் என்றேன்.