யார் பேரில் எழுதுவது

காலையிலிருந்து எல்டன் நிலவறைப் படிகளில் இறங்குவதும் ஏறுவதுமாக இருந்தார். இறங்கினால் இரும்பு பீரோவின் முன்னால் கொஞ்ச நேரம் நிற்பார். கைப்பிடியைத் தொட்டுப் பார்ப்பார். குளிர்ச்சியாகத்தான் இருக்கும். பிறகு மேலே வந்து பின்வாசல் கதவைத் திறந்து மேற்கே பார்ப்பார். மலைமுகட்டுக்குப் பின்னால் புகை நின்றது. பல நாளாக அங்கேதான் நிற்கிறது. ஆனால் இன்று அதன் அடிவயிறு சிவந்திருந்தது.

"படி தேஞ்சிரும்," என்றாள் அவர் மனைவி கோரின். சமையலறை மேசையில் குடும்பப் படங்களைச் சட்டத்திலிருந்து கழற்றி ஒரு பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். "ஷெரீஃப் ஆளு வந்து கெளம்புன்னா கெளம்பப்போறோம். அதுவரைக்கும் பீரோவுக்குக் காவல் நின்னு என்ன ஆகப்போகுது?"

"ட்ரூடி வரேன்னிருக்கா."

"வரட்டும். எத்தனை வருஷமா நானும் சொல்றேன், அதுக்கு ஒரு இன்சூரன்ஸ் எடுங்கன்னு. எங்கிட்ட என்ன இருக்குன்னு எவனுக்கும் தெரியக்கூடாதுன்னு ஒரே வீம்பு. இப்ப நெருப்பு வந்து எட்டிப் பாக்குது, உடனே ஓடு ட்ரூடிகிட்ட."

அவள் சொன்னது சரிதான். அந்தப் பள்ளத்தாக்கில் ஒருவனிடம் எத்தனை துப்பாக்கி இருக்கிறது என்று கேட்பது அவன் வீட்டுக்காரியின் வயதைக் கேட்பது மாதிரி. யாரும் கேட்கமாட்டார்கள், யாரும் சொல்லமாட்டார்கள். மரலாரி ஓட்டிய காலமெல்லாம் எல்டன் ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்த்தவை அவை. வீட்டுக் காப்பீட்டில் துப்பாக்கிக்கென்று ஒதுக்கியிருந்தது ஒரு நல்ல ரைஃபிளுக்கே காணாது. பீரோ விற்றவன் ஒரு மணி நேரம் தீ தாங்கும் என்று சொல்லித்தான் விற்றான். வீடு ஒரு மணி நேரத்தில் எரிந்து முடிந்துவிடும் என்று யார் சொன்னது?

ஆனால் அவரைப் படியேறிப் படியிறங்க வைத்தது அவருடைய துப்பாக்கிகள் அல்ல. பீரோவின் வலதுபக்கத்தில் பழைய கம்பளி சுற்றி நிறுத்திவைத்திருந்தவை. சிநேகிதர் ராய்ஸுடையவை.

ராய்ஸின் மனைவி வில்மா போன இலையுதிர் காலத்தில் இறந்துபோனாள். குளிர்காலம் வந்ததும் ராய்ஸ், ஊர்க்காரர்கள் கூடிப் பேசும் தீவனக்கடைக்குக் காபி குடிக்க வருவதை நிறுத்தினார். பிப்ரவரியில் எல்டன் அவர் வீட்டுக்குப் போனபோது விறகு பிளக்காமல் பனிக்குள் கிடந்தது. நாயின் விலா எலும்பு தெரிந்தது. ராய்ஸ் சட்டைப் பித்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். இருபது வயதிலிருந்து பழக்கம். என்ன கேட்க வேண்டும் என்று எல்டனுக்குத் தெரிந்தது. அதைக் கேட்கவில்லை.

"உன் கீழ்ரூம்ல ஈரம் ஜாஸ்தி," என்றுதான் சொன்னார். "துப்பாக்கியெல்லாம் துரு பிடிச்சிரும். எங்கிட்ட பீரோவுல எடம் இருக்கு."

அந்த அறைக்கு சிமெண்ட் போட்டது அவர்கள் இருவரும்தான். எலும்பு மாதிரி காய்ந்து கிடக்கும் அறை. ராய்ஸ் வெகுநேரம் தரையைப் பார்த்தார்.

"ஆமா," என்றார். "ஈரந்தான்."

இருவரும் சேர்ந்து எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றினார்கள். முடிந்தது என்று எல்டன் கதவைச் சாத்தப்போன சமயம் ராய்ஸ் திரும்பி உள்ளே போனார். படுக்கையறைப் பக்கம் ஒரு இழுப்பறை திறக்கும் சத்தம் கேட்டது. வில்மாவின் நீலக்கட்டம் போட்ட சமையலறைத் துண்டில் கைக்கு அடக்கமாக, கனமாக எதையோ சுற்றிக்கொண்டு வந்து, ஓட்டுநர் இருக்கைக்குப் பக்கத்தில் வைத்தார். வழியெல்லாம் அந்தத் துண்டு வண்டி குலுங்கும்போது லேசாக அசைந்துகொண்டே வந்தது.

அதற்குப் பிறகு பனி உருகியது. ராய்ஸ் கடைக்கு வந்தார். வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சினார், தீவனப்புல்லின் முதல் அறுப்பை அறுத்தார். துப்பாக்கிகளைத் திருப்பிக் கேட்கவில்லை. எல்டன் கொடுக்கவுமில்லை. இப்போது எப்படி இருக்கிறான் என்று கேட்கவுமில்லை. கேட்காமல் விட்ட கேள்வி ஒரு வீட்டில் எவ்வளவு இடத்தை அடைக்கும் என்பது அவருக்கு இந்த ஆறு மாதத்தில் தெரிந்துபோயிருந்தது.

ட்ரூடி மத்தியானத்துக்கு முன்பே வந்துவிட்டாள். சிறுமியாக இருந்தபோது எல்டனின் ஆப்பிள் மரத்தில் ஏறி விழுந்து கையை உடைத்துக்கொண்டவள். இப்போது ஊரில் பாதி வீடுகளுக்கு இன்சூரன்ஸ் ஏஜென்ட்.

"பேரு, நம்பர், படம். திருட்டு, தீ ரெண்டுக்கும் சேத்து எழுதிரலாம்," என்றாள் நிலவறையில் விளக்கைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு. "ஆனா ஒண்ணு. நெருப்பு முகட்டத் தாண்டி இந்தப் பக்கம் எறங்கிட்டா கம்பெனி கதவச் சாத்திரும். புதுசா ஒரு எழுத்து எழுத விடமாட்டாங்க. இன்னிக்கே அனுப்பியாகணும்."

எல்டன் ஒவ்வொன்றாக எடுத்து மேசைமேல் போட்டிருந்த போர்வையில் வைத்தார். அவள் படமெடுத்தாள். தன்னுடையவை தீரும்வரை நிற்காமல் எடுத்து வைத்தார். பிறகு நின்றார்.

"ட்ரூடி, இன்னொருத்தன் சாமான் நம்ம வீட்டுல இருந்து எரிஞ்சா?"

"போச்சுதான். உங்க இன்சூரன்ஸ் உங்க பொருளுக்கு மட்டும். அவங்க பேர்ல அவங்கதான் எழுதணும். ஏன், யாரோடதாவது இருக்கா?"

எழுதச் சொன்னால் ராய்ஸுக்குத் தெரிய வேண்டும். ராய்ஸ் கையெழுத்துப் போட வேண்டும். உங்க துப்பாக்கி ஏன் எல்டன் வீட்டுல இருக்கு என்று இவள் கேட்பாள். சாயங்காலத்துக்குள் தீவனக்கடை வரை போகும். எழுதாமல் விட்டால் அவன் அப்பாவின் ரைஃபிள் கரிக்கட்டையாகிவிடும், அதற்கு ஈடாக அவன் கையில் ஒன்றும் இருக்காது. தன் பேரில் எழுதினால், வரும் பணத்தை அவனிடம் கொடுத்துவிடலாம்.

"சும்மா கேட்டேன்," என்றார். கம்பளியை அவிழ்த்தார்.

ட்ரூடி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு குனிந்தாள். அடிக்கட்டையில் விரிசல் விட்ட இடத்தில் செம்புக் கம்பி சுற்றியிருந்த ரைஃபிள். ஊரில் அதைத் தெரியாதவர்கள் இல்லை.

"இது ராய்ஸோட அப்பாவோடதுல்ல?"

"வாங்கிட்டேன்."

"ராய்ஸ் வித்தாரா? இதையா?"

"வித்தான்."

அங்கே ஒருவன் இன்னொருவனுக்குத் துப்பாக்கி விற்பதற்குக் கைகுலுக்கல் போதும். அதனால் அவள் அப்படியே எழுதிக்கொண்டாள். மற்றவற்றையும் படமெடுத்தாள். நீலத்துண்டில் சுற்றியதை மட்டும் எல்டன் வெளியே எடுக்கவில்லை. பீரோவின் கடைக்கோடியில் அது அப்படியே கிடந்தது.

அவள் போனதும் கோரின் படியில் வந்து நின்றாள். எல்லாம் கேட்டிருக்கிறாள்.

"உங்களுக்குப் பொய் சொல்லவே வராது," என்றாள். "இன்னிக்குப் பாத்து நல்லா வந்திருக்கு."

"அவன் நல்லதுக்குத்தான்."

"அதை அவன்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

அவர் மறுபடியும் பின்வாசலுக்குப் போனார். கூரையில் சிக்கியிருந்த பைன் சருகை வாரினார். குழாயை இழுத்துச் சுவரை நனைத்தார், பாதியில் விட்டுவிட்டுக் கொட்டகைக்குப் போனார், எதற்குப் போனோம் என்று தெரியாமல் திரும்பி வந்தார். வெயில் ஆரஞ்சு நிறத்தில் விழுந்தது. தண்ணீர்த் தொட்டியைத் தொங்கவிட்டுக்கொண்டு ஒரு ஹெலிகாப்டர் முகட்டுக்குப் போவதும் வருவதுமாக இருந்தது.

ராய்ஸின் பிக்கப் வண்டி முற்றத்தில் வந்து நின்றபோது அவர் கையில் குழாய் இருந்தது. ராய்ஸ் இறங்கி, கதவைச் சாத்தாமல், வந்தார். சட்டைப் பித்தானைச் சரியாகத்தான் போட்டிருந்தார். எல்டன் முதலில் பார்த்தது அதைத்தான்.

"என் வைக்கப்போருக்கு இன்சூரன்ஸ் எழுத ட்ரூடி வந்திருந்தா," என்றார் ராய்ஸ். "ஒரு நல்ல சேதி சொன்னா. எங்கப்பா துப்பாக்கிய உனக்கு வித்துட்டேனாம். நல்ல வெலைக்குத்தான் வித்தேனா?"

"ராய்ஸ், கேளு..."

"இல்ல, ஒண்ணும் ஞாபகத்துல இல்ல, அதான் கேக்கறேன். குடிச்சிருந்தேனா? நீயாவது கொஞ்சம் தெளிவா இருந்திருப்பியே."

"எழுதாம விட்டா எரிஞ்சதும் உனக்கு ஒண்ணும் கெடைக்காது. உன் பேர்ல எழுதினா ஊருக்குத் தெரிஞ்சிரும்."

ராய்ஸ் சிரித்தார். சந்தோஷமான சிரிப்பு இல்லை. "எது தெரிஞ்சிரும்? ஊர்ல எல்லாருக்கும் தெரியும்டா, கிழட்டு எருமை. கடையில நான் ஒரு கயிறு வாங்கினா, கன்னுக்குட்டிக்கா ராய்ஸ்னு ரெண்டு பேரு கேக்கறாங்க. பேசாம இருந்தா தெரியாம போயிரும்னு நெனச்சிக்கிட்டு இருக்கறது நீ ஒருத்தன்தான்."

எல்டன் குழாயை மூடினார். தண்ணீர் நின்றதும் மேலே நெருப்பின் இரைச்சல் கேட்டது. தூரத்து ரயில் மாதிரி.

"குடு," என்றார் ராய்ஸ். "என் ரூம்ல ஈரம்னு தூக்கிட்டு வந்த. சரி. இப்ப உன் வீடு காட்டோரம். என் வீட்டச் சுத்தி குதிரைமசால் பச்சையா நிக்குது, நேத்துதான் தண்ணி பாய்ச்சினேன். இப்ப அந்த ஈரந்தான் நல்லது. எடுத்துட்டு வா, ஏத்திட்டுப் போறேன்."

அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. எல்டன் சொன்ன காரணத்தையே ராய்ஸ் திருப்பிக் கையில் கொடுத்துவிட்டார். இனி வேறு காரணம் சொல்ல வேண்டும் என்றால் உண்மையான காரணம் ஒன்றுதான் மிச்சம். எல்டன் அதைச் சொல்லாமல் வண்டியின் பின்பலகையில் போய் உட்கார்ந்தார். சிறிது நேரம் கழித்து ராய்ஸும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். வண்டி அமுங்கியது.

சாம்பல் விழ ஆரம்பித்திருந்தது. ராய்ஸின் நாய் இறங்கி வந்து அவர்கள் காலடியில் படுத்தது. அதன் முதுகில் சாம்பல் ஒவ்வொன்றாக வந்து உட்கார்ந்தது. நாய் நன்றாகத் தேறியிருந்தது. இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஹெலிகாப்டர் போனது. வந்தது. மறுபடி போனது.

"உன்ன நீயே சுட்டுக்கப்போறியா?" என்று எல்டன் கேட்டார்.

கேட்டுவிட்டோம் என்பது, சத்தம் காதில் விழுந்த பிறகுதான் அவருக்கே தெரிந்தது. வார்த்தை இவ்வளவு சின்னதாகவா இருக்கும்?

ராய்ஸ் தொப்பியைக் கழற்றினார். அதன் உள்பக்கத்தைப் பார்த்தார். மறுபடியும் போட்டுக்கொண்டார்.

"பிப்ரவரியில கேட்டிருந்தா ஆமான்னு சொல்லியிருப்பேன்."

"நான் கேக்கல."

"கேக்கல. ஈரம்னு சொன்ன." நாயின் முதுகிலிருந்த சாம்பலைத் தட்டிவிட்டார். "மொதல்ல எனக்குச் சிரிப்பு வந்துச்சு. நாம போட்ட சிமெண்டுக்கே ஈரமான்னு. அப்பறம், இவ்வளவு மோசமா பொய் சொல்லிக்கிட்டு ஒருத்தன் பனியில வந்து நிக்கறான், இவனுக்காகவாவது குடுத்து விடுவோம்னு தோணுச்சு."

"இப்ப?"

"இப்ப ரெண்டாவது அறுப்பு நிக்குது." முழங்காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டார். "தூக்கம் சரியா வரல. வராதப்ப எந்திரிச்சுப் போயி வாய்க்கால்ல தண்ணி மாத்தி விடறேன். எங்க ஏரியாவுலயே என் வயலுதான் பச்சை. ஏன்னு இப்பத் தெரியுதா?"

எல்டன் தலையசைத்தார். சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து ட்ரூடியைக் கூப்பிட்டு, ஒலியைக் கூட்டி இருவருக்கும் நடுவில் வைத்தார்.

"ட்ரூடி, அனுப்பிட்டியா?"

"இதோ அனுப்பப்போறேன். என்ன எல்டன்?"

"ராய்ஸோடத என் பேர்ல இருந்து எடுத்துரு. அதெல்லாம் அவனோடது. நான் வாங்கல."

அந்தப்பக்கம் ஒரு பெருமூச்சு. "காலையில வாங்கி, மத்தியானம் குடுத்தாச்சு. நீங்க என்ன சந்தை நடத்தறீங்களா?"

"நான்தான் ராய்ஸ். என் பேர்ல எழுதும்மா. எடுத்துட்டுப் போறேன், இனிமே என் வீட்டுலதான் இருக்கும்."

அதெல்லாம் ஏன் எல்டன் வீட்டில் இருந்தது என்று ட்ரூடி கேட்கவில்லை. இவளுக்கும் தெரியும் என்று எல்டனுக்கு அப்போது புரிந்தது. காலையில் நிலவறையிலேயே இவளுக்குத் தெரிந்திருக்கும்.

"எழுதறேன், ராய்ஸ்," என்றாள் மெதுவாக. "எவ்வளவு நாளைக்கு வேணும்? நெருப்பு சீசனுக்கு மட்டும்னா குறைச்சலா முடிஞ்சிரும். இல்லன்னா ஒரு வருஷத்துக்கு."

எல்டன் ராய்ஸின் முகத்தைப் பார்க்காமல் நாயைப் பார்த்தார். ஒரு வருஷம் என்றால் நடுவில் ஒரு குளிர்காலம் முழுதாக இருக்கிறது.

"ஹலோ? ராய்ஸ்?"

"வருஷத்துக்கே போடு," என்றார் ராய்ஸ்.

இருவரும் நிலவறைக்குப் போனார்கள். கோரின் கதவைப் பிடித்துக்கொண்டாள். ஒவ்வொன்றாகக் கம்பளியில் சுற்றி வண்டிக்குக் கொண்டுபோனார்கள். செம்புக் கம்பி சுற்றிய ரைஃபிளை ராய்ஸ் தானே தூக்கிக்கொண்டு ஏறினார். எல்டன் கடைசியாகப் பீரோவுக்குள் கைவிட்டு நீலத்துண்டை எடுத்து வந்து நீட்டினார். அதை நீட்டும்போது இன்னொரு முறை கேட்டுவிடலாமா என்று வாய் வரை வந்தது.

ராய்ஸ் துண்டைத் தொட்டார். கட்டங்களின் மேல் விரலை ஓட்டினார். பிறகு கையை எடுத்துவிட்டார்.

"இது இங்கயே இருக்கட்டும். வர்ற குளிர்காலம் போயி பனி உருகட்டும், பாக்கலாம்."

"இது எந்த இன்சூரன்ஸிலயும் இல்ல, ராய்ஸ். உன்னுதுலயும் இல்ல, என்னுதுலயும் இல்ல."

"தெரியும்," என்றார் ராய்ஸ். வண்டியில் ஏறி நாயைக் கூப்பிட்டார். "எரிஞ்சா எரியட்டும்."

வண்டி சாம்பலில் தடம் பதித்துக்கொண்டு ஆற்றுப்பக்கம் இறங்கிப் போனது. அது மறையும்வரை எல்டன் நின்றார். பிறகு நிலவறைப் படியில் ஒரு காலை வைத்தார். வைத்த காலை எடுத்துக்கொண்டு, திரும்பி, வீட்டைக் கடந்து, காட்டை ஒட்டியிருந்த மரக்கொட்டகைக்கு நடந்தார். நெருப்பு இறங்கினால் முதலில் பிடிப்பது அதுதான். துண்டை அவிழ்த்து, கைத்துப்பாக்கியிலிருந்து குண்டுகளைக் கழற்றித் தன் பையில் போட்டுக்கொண்டு, மறுபடி அதே துண்டில் சுற்றி மரப்பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார்.

வெளியே வந்து குழாயைத் திறந்தார். வீட்டுச் சுவரை நனைத்தார், கூரையை நனைத்தார், ஆப்பிள் மரத்தை நனைத்தார். தண்ணீர் கொட்டகைப் பக்கம் திரும்பியபோது குழாயை வேறு பக்கம் பிடித்தார்.