விலா தெரிகிற மான்கள்

ஆறு வாரமாக சேனாபதிக்கு இதுதான் வேலை. விடிந்ததும் பரணில் ஏறி உட்கார வேண்டும், தண்ணீர்த் தொட்டிக்கு வரும் மான்களை பைனாகுலரில் பார்க்க வேண்டும், சாக வேண்டியதைக் கை காட்ட வேண்டும். பக்கத்தில் துப்பாக்கியோடு ராய்ஸ் உட்கார்ந்திருப்பார். ராஞ்சு என்று இங்கே சொல்கிற இந்தப் பெரிய பண்ணையின் மேனேஜர். பேச்சுக்கும் அவருக்கும் ரொம்ப தூரம். காலை முழுக்க அவர் வாயிலிருந்து வருவது ஒரே ஒரு கேள்விதான்: "எது?"

சேனாபதி பெருந்துறைப் பக்கம் பன்னிரண்டு வருடம் அரசாங்க மாட்டு டாக்டராக இருந்தவர். மனைவி சாந்தாமணிக்கு ஆஸ்டினில் கம்ப்யூட்டர் வேலை கிடைத்ததும் வேலையை விட்டுவிட்டுக் கூடவே வந்துவிட்டார். இங்கே டாக்டர் என்று சொல்லிக்கொள்ள இன்னும் பரீட்சை பாக்கி. நல்லவேளையாக, இந்த ராஞ்சுக் காட்டில் திரிந்தவை நம் நாட்டுப் புள்ளிமான்கள். எந்தக் காலத்திலோ யாரோ கப்பலில் கொண்டுவந்து விட்டதாம், டெக்சஸில் பெருகிக் கிடக்கிறது. ஊர்க்காரனுக்கு ஊர்க்காரனைத் தெரியாதா என்ற எண்ணத்தில் ராஞ்சின் சொந்தக்கார அம்மாள் இவரைக் கூப்பிட்டு வேலை கொடுத்தார்.

மான்களுக்கு வந்திருந்தது குடல் நோய். எவ்வளவு மேய்ந்தாலும் உடம்பில் ஒட்டாது. மாதக்கணக்கில் இளைத்து, கடைசியில் கழிந்து கழிந்து செத்துப்போகும். புழுக்கை வழியாக மற்றதுக்கும் பரவும். மருந்து கிடையாது. மொத்த மந்தையையும் சுட்டுவிடுங்கள் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். சேனாபதிதான் குறுக்கே விழுந்தார். நோய் கண்டதை நான் பிரித்துக் காட்டுகிறேன், மற்றதை விட்டுவிடுங்கள் என்று மன்றாடினார். அந்த அம்மாள் ஆகஸ்ட் முடிய தவணை கொடுத்தார். அதற்குள், நோய் மான் ஒன்றுகூட மிச்சமில்லை என்று இவர் எழுதிக் கொடுத்தால் மந்தை பிழைக்கும். இல்லாவிட்டால் ஒன்று பாக்கியில்லாமல் போகும்.

இதுவரை பதினேழு விழுந்திருந்தன. ஒவ்வொன்றையும் அறுத்துப் பார்த்தார். பதினேழிலும் குடல் தடித்து மடிப்பு மடிப்பாகக் கிடந்தது. ஒன்றைக்கூட அநியாயமாகக் கொல்லவில்லை என்பதுதான் ஒரே ஆறுதல். மற்றபடி மனுஷன் ஓய்ந்துபோயிருந்தார். அது தொண்ணூற்றெட்டாம் வருடம், மழையே இல்லை. புல் கருகி, காட்டில் நின்ற எல்லா மானும் இளைத்திருந்தது. வறட்சி எது, வியாதி எது என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சாந்தாமணி இரண்டு மணி நேரம் கார் ஓட்டிக்கொண்டு சாப்பாட்டோடு வந்தாள். பரணிலேயே தக்காளி சாதத்தைப் பிரித்தார்கள்.

"ஏனுங்க, அந்தக் காது கிழிஞ்ச மானு ஏன் இப்படி எலும்பும் தோலுமா நிக்குது?"

"வறட்சி சாந்தா. சித்திரையில நம்மூரு மாடெல்லாம் எப்படி இருக்கும்? அதுக்கு இது எவ்வளவோ தேவல."

"எனக்கென்னமோ பாக்கவே பாவமா இருக்குதுங்க."

"நின்னு மேயுது, அசை போடுது, கழிச்சலும் இல்ல. டெய்லி செக் பண்ணிட்டுத்தான இருக்கறேன்."

"நீங்க டாக்டரு, நீங்க சொன்னாச் சரிங்க" என்று அவள் ஊறுகாயை அவர் பக்கம் தள்ளினாள்.

வியாழக்கிழமை மதியம் ராய்ஸ் டவுனுக்குப் போயிருந்தபோது, தொட்டி ஓரத்தில் அந்தக் காது கிழிந்த மான் செத்துக் கிடந்தது. சேனாபதி கத்தியை எடுத்தார். அறுக்கும்போதே கைக்குத் தெரிந்துவிட்டது. குடல் தடித்திருந்தது.

மண்வெட்டி பிக்கப் வண்டியில்தான் கிடந்தது. ராய்ஸ் திரும்பி வர ஒரு மணி நேரமாவது ஆகும். புதைத்துவிட்டால் யாருக்குத் தெரியும் என்று தோன்றியது. தோன்றியதற்கு வெட்கமாகவும் இருந்தது. பரணில் உட்கார்ந்து தினமும் குறித்து வைக்கும் நோட்டை எடுத்துப் புரட்டினார். அந்த மானுக்கு நேராகப் பதின்மூன்று இடத்தில் அவர் கையெழுத்திலேயே எழுதியிருந்தது: மெலிவு, வறட்சி, நலம். அதே வரி இன்னும் இருபத்தாறு மான்களுக்கு இருந்தது.

அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. பன்னிரண்டு வருடம் விலா துருத்திய மாடுகளுக்கே ஊசி போட்டுப் பழகிய கண் அது. எழுந்து நின்று நாலு வாய் மேய்ந்தால் அவருக்கு அது நல்ல மாடு. பதினேழையும் சரியாகப் பிடித்தது உண்மைதான், ஆனால் அவையெல்லாம் கடைசிக் கட்டத்தில் இருந்தவை. நோய் அப்போதுதான் தொடங்கியதையெல்லாம் இவரே நலம் நலம் என்று எழுதி மந்தைக்குள் விட்டிருக்கிறார். இரண்டாவது வாரத்திலேயே ராய்ஸ் இந்த மானைக் காட்டி, "அதுவா?" என்று கேட்டிருந்தார். இவர்தான் எல்லாம் தெரிந்தவர் மாதிரித் தலையை ஆட்டி மறுத்தார்.

ராஞ்சு ஆபீஸ் போனில் சாந்தாமணியைக் கூப்பிட்டார்.

"அந்தக் காது கிழிஞ்ச மானு போயிருச்சு சாந்தா. வியாதிதான்."

"அய்யோ."

"நீ ஒரே பார்வையில கேட்ட. எனக்கு ஆறு வாரமாத் தெரியல." ஜன்னல் வழியாக வண்டியைப் பார்த்தார். "புதைச்சுட்டு, சொல்லாம விட்டரலாமான்னு பாக்கறேன்."

"மத்ததுல எது நல்லது, எதுக்கு வியாதின்னு இனி உங்களால பிரிக்க முடியுங்களா?"

"முடியாது."

"அப்பச் சொல்லிப்போடுங்க" என்றாள்.

ராய்ஸ் வந்ததும் சொன்னார். ராய்ஸ் தொப்பியைக் கழற்றி முழங்கால்மேல் வைத்துக்கொண்டு, அறுத்துக் கிடந்த மானையே பார்த்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் சேனாபதிக்குக் கொஞ்சம் பாரம் குறைந்திருக்கும். பிறகு உள்ளே போய் சொந்தக்கார அம்மாளுக்குப் போன் போட்டார். பேச்சு மூன்று நிமிடத்தில் முடிந்தது.

நீ நாளைக்கு வர வேண்டியதில்லை என்று ராய்ஸ் சொல்லியும், சேனாபதி விடிவதற்கு முன்பே பரணில் ஏறி உட்கார்ந்துவிட்டார். தொட்டிக்கு அந்தப் பக்கம் இன்னும் நாலு பேர் துப்பாக்கியோடு காத்திருந்தார்கள். வெளிச்சம் வந்ததும் மான்கள் வழக்கம்போல ஒன்றன்பின் ஒன்றாகத் தண்ணீருக்கு வந்தன. பழக்க தோஷத்தில் பைனாகுலரைத் தூக்கிப் பார்த்தார். நேற்றுவரை தெரியாத விலா எலும்பு இன்று எல்லா மானுக்கும் தெரிந்தது.

ராய்ஸ் துப்பாக்கியைத் தோளில் வைத்தார். எது என்று கேட்பார் என்று சேனாபதி காத்திருந்தார். ராய்ஸ் கேட்கவில்லை.