எல்லோரும் இரண்டு பலகை உள்ளே

மார்ச் 11, புதன்

இன்றைய தவறு: நகர்வுச் சீட்டைத் தாமதமாகக் கொடுத்தேன். இரண்டாவது ஆட்டத்தின் நடுவிலேயே கொடுத்திருக்க வேண்டும். மூன்றாவது தொடங்கும்போதுதான் கொடுத்தேன்.

மாலை வகுப்பில் இயந்திர வரைபடம் கற்கிறேன். அங்கே பதிவேட்டின் முதல் வரியில் அன்றைய தவறை எழுத வேண்டும். அந்தப் பழக்கம் இந்த நோட்டிலும் ஒட்டிக்கொண்டது.

எங்கள் பௌலிங் லீகில் எட்டு அணிகள். கடைசி இரண்டு இடங்களில் நாங்களும் பல் மருத்துவமனை அணியும். இந்தப் புதனும் அடுத்த புதனும் எங்களுக்குள் மோதல். இரண்டு நாளும் சேர்த்து அதிகப் பின்களை வீழ்த்துகிறவர்கள் புதன் லீகில் இருப்பார்கள். தோற்கிறவர்கள் ஞாயிறு காலைப் பிரிவுக்கு இறங்க வேண்டும். எனக்கு ஞாயிறு ஒன்றும் கஷ்டமில்லை. அக்காவுக்கு முடியாது. ஆஸ்பத்திரி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ஞாயிறு காலை அவளுக்கு நிரந்தர டூட்டி. இறங்கினால் அக்கா இல்லாத அணிதான்.

அணியில் நாலு பேர். அக்கா, பஸ் ஓட்டும் அத்தான், வீடு வீடாக மின்சார மீட்டர் பார்க்கும் 'மீட்டர்' அண்ணன், நான். அக்கா மட்டும் இடதுகை. போன வருஷம் படியில் விழுந்து அந்த மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். இரண்டு மாதமாகத்தான் மறுபடி ஆடுகிறாள்.

கடைசி இரண்டு வாரமும், பந்து ஓடும் பாதையான லேனில் கடினமான எண்ணெய் அமைப்பு. வழக்கமாக நடுவில் எண்ணெய் கனமாகவும் ஓரத்தில் லேசாகவும் இருக்கும். ஓரம் போன பந்தை அந்தக் காய்ந்த பலகைகள் பிடித்துத் திருப்பி அனுப்பும். இந்த அமைப்பில் அந்தத் தயவு கிடையாது. ஓரத்திலும் எண்ணெய். தப்பாகப் போட்டால் தப்பாகவே போகும். போதாததற்கு, ஆட ஆடப் பந்துகள் எண்ணெயைத் துடைத்துக்கொண்டு போய்விடும். முதல் ஆட்டத்தில் வழுக்கிய இடத்தில் மூன்றாவது ஆட்டத்தில் பந்து பிடித்துக்கொண்டு முன்னதாகவே திரும்பிவிடும். அப்போது நாம் நிற்கும் இடத்தை மாற்ற வேண்டும். லேன் முப்பத்தொன்பது பலகை அகலம். 'உள்ளே' என்றால் நடுப்பக்கம். அவற்றை எண்ணிச் சீட்டு எழுதுவது என் வேலை.

சீட்டில் எழுதியது: 'எல்லோரும் இரண்டு பலகை உள்ளே.'

அத்தானும் மீட்டர் அண்ணனும் நானும் தேறினோம். அக்கா 158, 149 எடுத்தவள் மூன்றாவதில் 98. பந்து பந்தாக இடது ஓரத்தில் இரண்டு மூன்று பின்களை மட்டும் தட்டிவிட்டுப் போனது. மொத்தத்தில் நாற்பத்தொரு பின் பின்தங்கிவிட்டோம்.

ஷூ கழற்றும்போது பல் டாக்டர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவர்தான் எதிரணித் தலைவர்.

"உங்க அக்காவுக்குத் தனி ரோடு. நாங்க ஏழு பேரும் ஒரே சந்துல முட்டிக்கிட்டிருக்கோம். அப்படியும் ஓரமாப் போய் விழறாங்களே!"

"உங்க பல்லைப் பார்த்துக்கங்க டாக்டர், அடுத்த வாரம் ஆடப்போகுது," என்றார் மீட்டர் அண்ணன்.

அக்கா சிரிக்கவில்லை. வண்டியில் ஏறி மணிக்கட்டுப் பட்டையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

"கை போச்சுடி. மூணாவது ஆட்டம் தாங்கல. அடுத்த வாரம் வேற ஆளப் பாருங்க."

அத்தான் வண்டியை எடுத்தார். சீட்டைச் சீக்கிரம் கொடுத்திருந்தால் இது நடந்திருக்காதோ என்று நினைத்துக்கொண்டேன்.

மார்ச் 13, வெள்ளி

புதன்கிழமை எழுதிய தவறு தவறு. சரியான தவறு இதோ: 'எல்லோரும்' என்று எழுதினேன்.

நான் வேலை செய்வது மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்பக்கம், லென்ஸ் தேய்க்கும் அறையில். காலையில் ஓர் ஆர்டர் சீட்டை எடுத்தேன். வலது ஒரு அளவு, இடது வேறு அளவு. வலது, இடது என்று தனித்தனியே சரிபார்க்காமல் ஒரு கண்ணாடிகூட என் கையை விட்டுப் போகாது. 'இரண்டு கண்ணுக்கும் ஒரே மாதிரி போடு' என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். அந்தச் சீட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போதுதான் டாக்டரின் தனி ரோடு ஞாபகம் வந்தது. தேய்ப்பு இயந்திரத்தை நிறுத்திவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

வலது பக்க எண்ணெயை ஏழு பேர் துடைத்தோம். இடது பக்கம் அக்கா ஒருத்திதான். மூன்றாவது ஆட்டத்திலும் அவள் பக்கத்து எண்ணெய் ஏறக்குறைய அப்படியே இருந்திருக்கும். மாறாத இடத்திலிருந்து அவளைக் கிளப்பி, எண்ணெய் இன்னும் கனமாக இருந்த பக்கம் நான்தான் அனுப்பினேன். பந்து திரும்பாமல் வழுக்கிக்கொண்டே போய்விட்டது.

உடனே சந்தேகம் வந்தது. அக்காவைத் தேற்ற நானே கட்டிய கதையோ? சாப்பாட்டு நேரத்தில் பழைய பக்கங்களை எண்ணினேன். ஓர் ஆட்டத்தில் பத்துக் கட்டம், கட்டத்துக்கு இரண்டு பந்து. முதல் இரண்டு ஆட்டங்களில் அவளுடைய முதல் பந்து இருபது முறையில் பதினேழு முறை, முன்னால் நிற்கும் தலைப் பின்னில் பட்டிருக்கிறது. நகர்ந்த பிறகு பத்தில் மூன்று. மணிக்கட்டு சோர்ந்திருந்தால் இரண்டாவது ஆட்டத்தின் கடைசியிலேயே தெரிந்திருக்கும். அங்கே வரிசையாக நாலு நல்ல பந்து. இரண்டு தடவை எண்ணினேன். வகுப்புக்குப் போகும் பஸ்ஸில் மூன்றாம் தடவை.

மார்ச் 14, சனி

இன்றைய தவறு: அக்கா வீட்டு வாசலில் மணியடிக்காமல் ஐந்து நிமிஷம் நின்றேன்.

அவள் வேலைக் கோட்டுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். வலது கையால்.

"அக்கா, உன் கைக்கு ஒண்ணும் இல்ல."

"டாக்டரம்மா வந்துட்டாங்க," என்று உள்ளே பார்த்துச் சத்தம் போட்டாள். அத்தான் எட்டிப் பார்த்தார்.

நோட்டைப் பிரித்து இஸ்திரி மேஜைமேல் வைத்தேன். "'எல்லோரும்'னு எழுதியிருக்கேன் பாரு. அந்த 'எல்லோரும்'ல நீ வரக்கூடாது."

"ஏன், நான் இந்தக் குடும்பத்துல சேர்த்தி இல்லையா?"

பலகை எண்ணைச் சொல்லி விளக்கினேன். அவள் முகம் மாறவில்லை. அத்தான்தான் கை கொடுத்தார்.

"இங்க பாரு. எங்க ரூட்டுல ஏழு பஸ் ஓடி ரோடு தேஞ்சு போச்சு. நாங்க ஒதுங்கி ஓட்டணும். உன் ரூட்டுல உன் வண்டி ஒண்ணுதான். இவ உன்னையும் ஒதுங்கச் சொல்லிட்டா. நீ நல்ல ரோட்டை விட்டுட்டுப் போய் வழுக்கியிருக்க."

அக்கா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். இடது மணிக்கட்டை இப்படியும் அப்படியும் சுழற்றிப் பார்த்தாள். நோட்டை இழுத்து அந்தப் பதினேழையும் மூன்றையும் விரலால் தொட்டாள்.

"அடிப்பாவி. மூணு நாளா இந்தக் கையத் திட்டிக்கிட்டிருக்கேன். சோறுகூட அள்ளிப் போடல இதால."

"மன்னிச்சிருக்கா."

"உன்னத் திட்டுறதா கட்டிப் புடிக்கிறதான்னு தெரியல."

"முதல்ல திட்டிடு."

திட்டினாள். நன்றாகவே திட்டினாள். நடுவில் குரல் உடைந்து சிரிப்பாகிவிட்டது. அப்புறம் போனை எடுத்து மேற்பார்வையாளரைக் கூப்பிட்டாள். புதன் மாலை டூட்டிக்குப் பெயர் கொடுத்துவிட்டாளாம், யாருக்கும் சொல்லாமல். "அந்த டூட்டி வேணாம் மேடம். இல்ல மேடம், கை நல்லாத்தான் இருக்கு," என்றாள். கடைசி வாக்கியத்தை இரண்டு தடவை சொன்னாள்.

நான் சொன்னது தப்பாக இருந்தால் என்ன செய்வது என்று வீடு வரும்வரை யோசித்தேன்.

மார்ச் 18, புதன்

இன்றைய தவறைக் கடைசியில் எழுதுகிறேன். முதலில் எழுதினால் நடந்தது புரியாது.

இரண்டு சீட்டு எழுதிக்கொண்டு போனேன். ஒன்றில் 'வலதுகை மூவரும்'. இன்னொன்றில் 'அக்கா: அதே இடம்'.

முதல் ஆட்டத்தில் பதினைந்து பின் மீட்டோம். இரண்டாவதில் இன்னும் பன்னிரண்டு. மூன்றாவது தொடங்கியதும் வலது பக்கம் காய்ந்துவிட்டது. டாக்டரின் பந்து பாதி வழியிலேயே திரும்பித் தலைப் பின்னைத் தாண்டிப் போனது. நாங்கள் மூவரும் உள்ளே நகர்ந்தோம். அக்கா நகரவில்லை. ஏழாவது கட்டம்வரை அவள் பந்து தண்டவாளத்தில் போகிற மாதிரி போனது.

எட்டாவதில் பந்து இடது ஓரத்துக்கு வழுக்கியது. ஆறு பின்தான். ஒன்பதாவதிலும் அதே.

எதிரணி நாலு பேரும் முடித்துவிட்டார்கள். எங்களில் மூவரும் முடித்தாயிற்று. மீதி அக்காவின் பத்தாவது கட்டம் மட்டும். மீட்டர் அண்ணன் திரையைப் பார்த்துக் கணக்குப் போட்டார்.

"பதினேழு எடுத்தா சமம். பதினெட்டு எடுத்தா நாம. நெஞ்சு மீட்டர் மாதிரி எக்குத்தப்பா ஓடுது, எனக்கே ரீடிங் எடுக்கணும்."

கடைசிக் கட்டத்தில் முதல் பந்திலேயே பத்தும் விழுந்தால் இன்னும் இரண்டு பந்து கிடைக்கும்; விழாவிட்டால் பதினெட்டு கடினம். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"நகரவா?"

"நகரச் சொல்லு," என்றார் அத்தான் மெதுவாக. "ரெண்டு தடவை வழுக்கிடுச்சு."

என் வாய்வரை வந்துவிட்டது, நகரு என்று. மாறியது எண்ணெயா, கையா, வேறெதாவதா? அவள் பந்தை ஏந்திக்கொண்டிருந்தாள். விளக்கு வெளிச்சத்தில் அதன்மேல் ஒரு வளையம் பளபளத்தது. துண்டு நாற்காலியில் மடித்தபடியே கிடந்தது.

"பந்தைத் துடைச்சியா?"

அக்கா பந்தைப் பார்த்தாள். "எங்க துடைச்சேன்? பயத்துல அப்படியே எடுத்துப் போட்டுட்டேன்."

லேனிலிருந்து ஒட்டிக்கொண்ட எண்ணெய். அதோடு போட்டால் பந்துக்குப் பிடிப்பு ஏது?

"துடை. அதே இடம்."

"நிச்சயமா?"

நிச்சயமில்லை. "அதே இடம்க்கா," என்றேன்.

அழுத்தித் துடைத்தாள். போய் நின்றாள். பந்து இடது பக்கம் போய், போய், இனித் திரும்பாது என்று நான் கண்ணை மூடப்போன நேரத்தில் திரும்பியது. பத்தும் விழுந்தன. ஸ்ட்ரைக். இன்னும் இரண்டு பந்து. அடுத்ததற்கு முன்னும் துடைத்தாள். ஏழு. மூன்று பின் நின்றன. ஒன்று விழுந்தால் போதும். மூன்றுமே விழுந்தன.

அத்தான் கத்தியதில் பக்கத்து லேன்காரர் பந்தைக் கால்மேல் போட்டுக்கொள்ளப் பார்த்தார். மீட்டர் அண்ணன் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். அக்கா நேரே என்னிடம் வந்து இடது கையால் என் தலையில் ஒரு குட்டு வைத்தாள். நல்ல குட்டு. இன்னும் வலிக்கிறது. அந்தக் கைக்கு ஒன்றும் இல்லை.

டாக்டர் எல்லோருக்கும் கைகொடுத்தார். அக்காவிடம், "தனி ரோட்டுக்கு வாடகை போடணும்மா," என்றார்.

"ஞாயித்துக்கிழமை காலையில காத்தாட ஆடுங்க டாக்டர்," என்றாள். "எனக்கு டூட்டி இருக்கு, இல்லன்னா வந்து பார்ப்பேன்."

வண்டியில் அக்கா மணிக்கட்டுப் பட்டையைப் போட்டபடியே ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கிப்போனாள். எனக்கும் ஒரு வாரத்துக்குப் பிறகு நிம்மதியாகச் சாய்ந்து உட்கார முடிந்தது.

இன்றைய தவறு: எந்தச் சீட்டிலும் துண்டைப் பற்றி எழுதவில்லை.

நாளை வகுப்புக்கு முன் புது அட்டவணை வரைய வேண்டும். பெயருக்கு அடுத்த கட்டம் 'எந்தக் கை'. கடைசிக் கட்டம் 'துடைத்தாயிற்றா'. அக்காவின் துண்டு என் பையில் வந்துவிட்டது. அதைத் துவைத்துக் காயப்போட வேண்டும்.